நின்றதா, முடிந்ததா? கர்னலில் ஸ்டாக் டிரேஸ் நம்பகமாக முடிவடைய ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரின் வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஓர் அலுவலகத்தில், நாங்கள் எழுதிக்கொண்டிருந்த சிறிய கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) ஒன்றை இரவு முழுவதும் ஆர்ம்64 வகைச் செயலி கொண்ட சோதனைப் பலகைகளில் ஓடவிட்டு வீடு திரும்புவது வழக்கம். ஒரு நாள் காலையில் சீரியல் கன்சோலின் லாகைத் திறந்தபோது, அதிலிருந்த ஸ்டாக் டிரேஸில், அதாவது எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்று காட்டும் பட்டியலில், ஒரே இரண்டு ஃபங்ஷன் பெயர்கள் மாறி மாறி, வாட்ச்டாக் என்னும் காவல் டைமர் வந்து பலகையை ரீபூட் செய்யும் வரை அச்சாகியிருந்தன. கர்னல் ஏன் விழுந்தது என்பதைச் சொல்லும் முதல் வரிகள் ரிங் பஃபரிலிருந்து எப்போதோ அடித்துச் செல்லப்பட்டிருந்தன. கரூரிலிருந்து வந்து எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, 32 ஃபிரேமுக்கு மேல் அச்சிடாதே என்று ஒரு வரம்பை வைத்துவிட்டு வந்தார். ஃபிரேம் என்பது, ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்புக்கும் ஸ்டாக் என்னும் நினைவக அடுக்கில் ஒதுக்கப்படும் பகுதி.

"அண்ணா, இப்ப டிரேஸ் கரெக்டா நிக்குது."

"நிக்குது சரிம்மா. முடிஞ்சு நிக்குதா, முடியாம நிக்குதா?"

இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்விக்கான விடைதான். ஸ்டாக்கின் முடிவு என்பது, அதைப் படித்துக்கொண்டு போகும் அன்வைண்டர் ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. அந்த ஸ்டாக்கை உருவாக்கும் நிரல், தெரிந்த ஓர் இடத்தில், தெரிந்த வடிவில் முன்கூட்டியே நட்டுவைக்க வேண்டிய எல்லைக்கல். கல் நடப்படாத நிலத்தில் சர்வேயர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் சொல்லும் எல்லை ஊகமே. சொந்தமாகக் கர்னல் எழுதுபவர்களையும், கல்லூரியில் இயங்குதளப் பாடத்துக்காகக் கர்னலைத் திருத்துபவர்களையும், லினக்ஸின் நுழைவு நிரலைப் படிக்கத் தொடங்கியிருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதற்படி: சங்கிலியைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள்

ஃபிரேம் பாயின்டரை (இப்போதைய ஃபிரேமைச் சுட்டும் ரெஜிஸ்டரை) வைத்துக் கம்பைல் செய்யப்பட்ட நிரலில், ஒவ்வொரு ஃபங்ஷனும் தொடங்கும்போது தன்னை அழைத்தவரின் ஃபிரேம் பாயின்டரை ஸ்டாக்கில் சேமித்துவிட்டு, சேமித்த அந்த இடத்தையே தன் ஃபிரேம் பாயின்டராக வைத்துக்கொள்கிறது. ஆகவே ஸ்டாக்கில் ஒரு சங்கிலி உருவாகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு சொற்கள் உண்டு, ஒன்று முந்தைய கண்ணியின் முகவரி, மற்றொன்று ஃபங்ஷன் முடிந்ததும் ஓட்டம் போய்ச் சேர வேண்டிய திரும்புமுகவரி. எக்ஸ்86-64இல் இந்த வேலையைச் செய்யும் ரெஜிஸ்டர் ஆர்பிபி. அது சுட்டும் இடத்தில் பழைய ஆர்பிபியும், அதற்கு 8 பைட் மேலே திரும்புமுகவரியும் இருக்கும். ஆர்ம்64இல் எக்ஸ்29 ஃபிரேம் பாயின்டர், எக்ஸ்30 திரும்புமுகவரி. இரண்டும் அடுத்தடுத்துச் சேமிக்கப்படும். ரிஸ்க்-வியில் மட்டும் திசை சற்று மாறும்: எஸ்0 ரெஜிஸ்டர் ஃபிரேமின் உச்சியைச் சுட்டும், திரும்புமுகவரி அதற்கு 8 பைட் கீழேயும் முந்தைய எஸ்0 16 பைட் கீழேயும் இருக்கும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஒரு கட்டமைப்பின் அன்வைண்டரை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துச் சென்றால், இரண்டாம் ஃபிரேமிலேயே வழி தவறிவிடும்.

கம்பைலரிடம் ஃபிரேம் பாயின்டரை விட்டுவிடாதே என்று சொல்லும் கொடி கட்டாயம். ஃபங்ஷனின் கடைசி அழைப்பைத் தாவலாக மாற்றும் மேம்படுத்தலை அணைப்பது உங்கள் விருப்பம். அது இருந்தால் சில பெயர்கள் டிரேஸில் வாரா, ஆனால் சங்கிலி அறுந்துவிடாது.

இரண்டாம் படி: அன்வைண்டர் எத்தனை விடைகள் தரும் என்று தீர்மானியுங்கள்

பெரும்பாலான முதல் முயற்சிகளில் அன்வைண்டர் இரண்டு விடைகளே தரும்: "இன்னும் ஃபிரேம் இருக்கிறது", "இல்லை". கோளாறின் வேர் இங்கேதான். விடைகள் மூன்றாக இருக்க வேண்டும்: அடுத்த ஃபிரேம் கிடைத்தது, ஸ்டாக் முறையாக முடிந்தது, சங்கிலி முறிந்துவிட்டது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே விடையாகச் சுருக்கிவிட்டால், பின்னர் வேறு எந்த இடத்திலும் அந்த வேறுபாட்டை மீட்டெடுக்க இயலாது.

கர்னல் விழும்போது எழுதப்பட்டு, மனிதர் கண்ணால் படிக்கும் பேனிக் லாகுக்கு இது அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். லைவ்பேட்சை எடுத்துக்கொண்டால் விடை தெளிவாகும். 2015இல் 4.0 பதிப்பின் வழியாக லினக்ஸுக்குள் வந்த இந்த வசதி, ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் ஃபங்ஷனை நிறுத்தாமலே மாற்றுகிறது. 2017இல் 4.12 பதிப்பில் சேர்ந்த அதன் ஒத்திசைவு முறை, உறங்கும் ஒவ்வொரு டாஸ்க்கின் (கர்னல் ஓட்டும் தனித்தனி வேலையின்) ஸ்டாக்கையும் படித்து, மாற்றப்படும் பழைய ஃபங்ஷன் அதில் இல்லை என்று உறுதியான பிறகே அந்த டாஸ்க்கைப் புதிய நிரலுக்கு மாற்றும். டிரேஸ் பாதியில் நின்றதை முடிந்ததாக எண்ணிவிட்டால், பழைய ஃபங்ஷன் படிக்கப்படாத மேல்பாதியில் ஒளிந்திருக்கும்போதே மாற்றம் நடந்துவிடும். அதன் விளைவு எங்கே, எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்காகத்தான் லினக்ஸில் சாதாரண டிரேஸுக்கு ஒரு ஃபங்ஷனும், நம்பகமான டிரேஸுக்கு வேறொரு ஃபங்ஷனும் இருக்கின்றன. பின்னது ஒரு சிறு ஐயம் எழுந்தாலும் டிரேஸைத் தராமல் பிழையைத் திருப்பித் தருகிறது.

இதில் ஒரு பழைய வேடிக்கையும் உண்டு. நெடுங்காலம் லினக்ஸில் டிரேஸ் வரிசையின் முடிவைக் குறிக்க, எல்லா பிட்டுகளும் 1 ஆன ஓர் எண்ணை வரிசையின் கடைசியில் சேர்த்துவந்தார்கள். டாஸ்க்குகளின் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் பிராக் அடைவில் ஒரு டாஸ்க்கின் ஸ்டாக் கோப்பைத் திறந்தால், கடைசி வரியில் அந்த எண் அப்படியே முகவரிபோல அச்சாகிப் புதியவர்களைக் குழப்பும். 2019இல் அதைத் துடைத்துவிட்டார்கள். அச்சிடும் வரிசையில் ஒட்டிய வால் அது. ஸ்டாக்கின் மெய்யான முடிவைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

மூன்றாம் படி: உங்கள் கர்னலில் ஸ்டாக் பிறக்கும் இடங்களை எண்ணுங்கள்

எழுதும் நிரலைவிட இந்தக் கணக்கெடுப்பில் அதிக நேரம் செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு ஸ்டாக்கிலும் முதல் சி ஃபங்ஷனை அழைப்பது எந்த அசெம்பிளி வரி என்று தேடுங்கள். எங்கள் கர்னலில் ஐந்து வகை கிடைத்தன: பூட் ஆகும் முதல் சிபியு, பின்னர் எழுப்பப்படும் மற்ற சிபியுக்கள், கர்னல் திரெட்கள், பயனர் நிரலிலிருந்து (கர்னலிடம் உதவி கேட்கும் சிஸ்டம் கால், வன்பொருள் குறுக்கிடும் இன்டரப்ட் அல்லது ஓட்டத்தில் எழும் எக்ஸப்ஷன் வழியாக) உள்ளே வரும் வாசல்கள், ஏற்கெனவே உள்ள டாஸ்க்கின் நகலாகப் புதிதாக ஃபோர்க் செய்யப்பட்டு இன்னும் ஒருமுறைகூடப் பயனர் நிலைக்குத் திரும்பாத டாஸ்க்குகள். ஐந்தாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அந்த டாஸ்க்கின் ஸ்டாக் வழக்கமான வாசல் வழியே உருவாவதில்லை; ஃபோர்க் நிரல் அதைக் கையால் அடுக்குகிறது.

இன்டரப்ட் ஸ்டாக், இரட்டைப் பிழைக்கான அவசர ஸ்டாக் போன்றவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை முடிவுகள் அல்ல, இணைப்புகள். அவற்றின் உச்சியை அடைந்ததும் டிரேஸ் நின்றுவிடக் கூடாது. இடைமறிக்கப்பட்ட டாஸ்க்கின் ஸ்டாக்குக்குத் தாவித் தொடர வேண்டும்.

நான்காம் படி: எல்லைக்கல்லை நடுங்கள்

மிக எளிய கல், பூஜ்யம். முதல் சி ஃபங்ஷனை அழைக்கும் முன் ஃபிரேம் பாயின்டரைப் பூஜ்யமாக்கிவிட்டால், அந்த ஃபங்ஷன் சேமிக்கும் முந்தைய ஃபிரேம் முகவரி பூஜ்யமாகும். அன்வைண்டர் அதைப் பார்த்து முடிந்தது என்று அறியும். எம்ஐடியின் பாடத்துக்கான ஜேஓஎஸ் கர்னல் அதன் நுழைவு நிரலில் இதைத்தான் செய்கிறது. ஆர்ம்64இன் அழைப்பு மரபும், அடுத்த கண்ணியின் முகவரி பூஜ்யமாக இருந்தால் சங்கிலி முடிந்தது என்று வரையறுக்கிறது. எக்ஸ்86-64இன் மரபு, பயனர் நிரல்கள் மிக ஆழத்திலுள்ள ஃபிரேமில் ஆர்பிபியைப் பூஜ்யமாக்கிக் குறிக்க வேண்டும் என்கிறது.

ஆயினும் பூஜ்யம் மட்டும் போதாது. நினைவகத்தில் மிக எளிதாகக் கிடைக்கும் மதிப்பு பூஜ்யமே. யாரோ ஒருவர் ஒரு லோக்கல் அரேயைத் துடைக்கும்போது சில பைட் தாண்டித் துடைத்துவிட்டால், நடு ஸ்டாக்கில் ஒரு போலிக் கல் முளைத்துவிடும். ஆகவே மதிப்போடு இடத்தையும் சேர்த்துச் சரிபாருங்கள்: பூஜ்யம் இருக்க வேண்டும், அதுவும் அந்த ஸ்டாக்கின் உச்சியிலிருந்து இத்தனை பைட் கீழே, அங்கே மட்டுமே இருக்க வேண்டும்.

இது நடக்க, எல்லா ஸ்டாக்கின் உச்சியும் ஒரே வடிவில் இருப்பது அவசியம். பயனர் டாஸ்க்கின் கர்னல் ஸ்டாக்கில், உச்சியை ஒட்டி, பயனரின் ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் ஒரு தொகுதி எப்போதும் இருக்கும். லினக்ஸில் அதன் பெயர் பிடி-ரெக்ஸ். கர்னல் திரெட்டுக்கும், சும்மா சுற்றும் ஐடில் டாஸ்க்குக்கும் பயனர் ரெஜிஸ்டர்களே கிடையாது. எனினும் அவற்றுக்கும் அதே அளவு இடத்தை உச்சியில் ஒதுக்கிவிடுங்கள். சில நூறு பைட் வீணாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். லினக்ஸில் எக்ஸ்86-64இன் டாஸ்க் ஸ்டாக் வழக்கமாக 16 கேபி. ஐடில் டாஸ்க்குக்கும் இந்த இடத்தை விட்டுவைப்பதால்தான், கடைசி ஃபிரேம் எங்கே இருக்க வேண்டும் என்பதை அங்குள்ள அன்வைண்டர் ஒரே கணக்கில் சொல்லிவிடுகிறது. ஆர்ம்64இல் 2021இன் 5.14 பதிப்பு இதை முறைப்படுத்தியது: பிடி-ரெக்ஸுக்குள்ளேயே இரண்டு சொற்களாலான ஒரு கண்ணி இருக்கும், பயனர் நிலையிலிருந்து உள்ளே வரும்போது அந்த இரண்டும் பூஜ்யமாக்கப்படும், கர்னல் திரெட்டுக்கும் அப்படியே, அன்வைண்டர், டாஸ்க்கின் உச்சியில் உள்ள அந்தக் குறிப்பிட்ட கண்ணியை அடைந்தால் மட்டுமே முடிந்தது என்று ஏற்கும்.

எங்கள் பலகையில் நடந்ததை இப்போது விளக்கலாம். இரண்டாவதாக எழுப்பப்படும் சிபியுவின் 8192 பைட் ஸ்டாக்கில், ஆரம்ப வேலைகளைச் செய்ய ஒரு சி ஃபங்ஷன் ஓடியது. அதன் ஃபிரேம் 96 பைட் என்பதால் அதன் கண்ணி 8096ஆம் பைட்டில் அமர்ந்தது. வேலை முடிந்ததும் அது திரும்பவில்லை. ஓர் அசெம்பிளித் துண்டு ஸ்டாக் பாயின்டரை மறுபடி 8192க்கு ஏற்றிவிட்டு ஐடில் ஃபங்ஷனுக்குத் தாவியது. எக்ஸ்29ஐ யாரும் பூஜ்யமாக்கவில்லை. அது இன்னமும் 8096ஐச் சுட்டிக்கொண்டிருந்தது. ஐடில் ஃபங்ஷனின் ஃபிரேம் 32 பைட். அதன் கண்ணி 8160இல் அமர்ந்து, "எனக்கு முந்தையவர் 8096" என்று எழுதிவைத்தது. ஐடில் அழைத்த அடுத்த ஃபங்ஷனின் ஃபிரேம் 64 பைட். 8160இலிருந்து 64 போனால் 8096. அந்தக் கண்ணி, "எனக்கு முந்தையவர் 8160" என்றது. இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டே இருக்க, நடுவில் அன்வைண்டர் வாட்ச்டாக் வரும்வரை நடந்தது. ஃபிரேம் அளவுகள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது தற்செயல்தான். பொருந்தாமல் போயிருந்தால் குப்பை முகவரி ஒன்றில் முட்டி நின்றிருக்கும், நாங்களும் முடிந்தது என்று நினைத்துப் பல மாதம் ஓட்டியிருப்போம். திருத்தம் ஒரே ஒரு வரி. அந்த வரி எங்கே வர வேண்டும் என்று கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று.

பயனர் வாசலில் இதைவிடக் கவனம் தேவை, ஏனெனில் அங்கே ஃபிரேம் பாயின்டரில் இருப்பது அந்நியர் வைத்த மதிப்பு. எம்ஐடியின் ரிஸ்க்-வி பாட கர்னலான எக்ஸ்வி6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பயனர் வாசல் நிரல் எஸ்0வைத் துடைப்பதில்லை; எனவே உள்ளே முதலில் ஓடும் சி ஃபங்ஷன், பயனரின் எஸ்0வையே முந்தைய ஃபிரேமாகச் சேமிக்கிறது. அங்கே ஒவ்வொரு கர்னல் ஸ்டாக்கும் சரியாக ஒரு பக்கம், அதாவது 4096 பைட் என்பதால், மாணவர்கள் எழுதும் டிரேஸ் பயிற்சியில் அந்தப் பக்கத்தைத் தாண்டியதும் நிறுத்துமாறு குறிப்புத் தரப்படுகிறது. நல்லெண்ணம் கொண்ட பயனர் நிரலுக்கு இது போதும், அதன் எஸ்0 பயனர் ஸ்டாக்கைச் சுட்டும். ஆனால் எஸ்0வில் அதே கர்னல் ஸ்டாக் பக்கத்தின் முகவரி ஒன்றை வேண்டுமென்றே வைத்துக்கொண்டு சிஸ்டம் கால் செய்யும் நிரல், டிரேஸைத் தன் விருப்பப்படி சுற்றவிட முடியும். பாடத்துக்கு அது குறையன்று; உண்மையான கர்னலுக்குக் குறைதான். பயனரின் எல்லா ரெஜிஸ்டர்களையும் சேமித்த மறுகணமே ஃபிரேம் பாயின்டரைத் துடையுங்கள். எக்ஸ்86-64 லினக்ஸ் தன் வாசலில் ரெஜிஸ்டர்களைச் சேமித்துக்கொண்டே பூஜ்யமாக்கியும் விடுகிறது.

ஐந்தாம் படி: கடைசி அழைப்புக்குப் பின் ஒரு கட்டளையை வையுங்கள்

இது சிறிய படி, ஆனால் தவறாமல் குழப்பம் தரும். நுழைவு நிரலின் கடைசி வரி, திரும்பிவராத ஃபங்ஷன் ஒன்றை அழைப்பதாக இருந்தால், அந்த அழைப்பின் திரும்புமுகவரி அதற்கு அடுத்த பைட்டைக் குறிக்கும். அந்த பைட் வேறொரு ஃபங்ஷனுக்குச் சொந்தமாக இருக்கலாம். அப்போது டிரேஸின் கடைசி வரியில், எந்த உறவும் இல்லாத ஒரு பெயர் வந்து நிற்கும். அழைப்புக்குப் பின், ஓடினால் உடனே பிழை எழுப்பும் ஒரு பொறிக் கட்டளையை வைத்துவிடுங்கள். கூடவே, பெயரைத் தேடும்போது திரும்புமுகவரியிலிருந்து 1ஐக் கழித்துத் தேடுங்கள். திரும்பாத அழைப்பில் முடியும் சி ஃபங்ஷன்களுக்கும் அதுவே தீர்வு. இன்டரப்ட் நேர்ந்த இடத்தின் முகவரிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது திரும்புமுகவரி அன்று. அடுத்து ஓடவிருக்கும் கட்டளையின் முகவரி.

ஆறாம் படி: நடக்கும் நிரலை எழுதுங்கள்

கல் நட்டாயிற்று என்றால் நடப்பது எளிது. ஒவ்வோர் அடியிலும், அடுத்த கண்ணியின் முகவரி முறையாகச் சீரமைந்திருக்கிறதா என்றும், அதன் இரண்டு சொற்களும் முழுமையாக இப்போதைய ஸ்டாக்கின் எல்லைக்குள் அடங்குகின்றனவா என்றும், இப்போதைய கண்ணியைவிட உயர்ந்த முகவரியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசிச் சோதனையே சுழலைத் தடுப்பது. ஒரே ஸ்டாக்குக்குள் எப்போதும் மேல்நோக்கியே நடந்தால் நடை என்றேனும் முடிந்தே ஆக வேண்டும். எங்கள் 8160இலிருந்து 8096க்கான தாவல் இந்தச் சோதனையில் உடனே சிக்கியிருக்கும்.

ஒரு ஸ்டாக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது மேல்நோக்கிய விதி செல்லாது, ஏனெனில் இன்டரப்ட் ஸ்டாக் நினைவகத்தில் எங்கும் இருக்கலாம். அங்கே வேறு விதி வேண்டும்: ஒரு நடையில் ஒவ்வொரு ஸ்டாக்குக்கும் ஒருமுறை மட்டுமே அனுமதி. எந்தெந்த ஸ்டாக்கைப் பார்த்தாயிற்று என்பதற்கு ஒரு பிட் வரிசை போதும். லினக்ஸின் எக்ஸ்86 நிரலும் அப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. இவ்விரு விதிகளும் சேர்ந்தால் எந்தச் சிதைந்த ஸ்டாக்கிலும் நடை முடிவில்லாமல் போகாது. எங்கள் பொறியாளர் வைத்த 32 என்ற வரம்பையும் நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் வரம்பில் முட்டினால் வரும் விடை இப்போது "முறிந்தது", "முடிந்தது" அன்று.

இரண்டு எச்சரிக்கைகள். பேனிக் நேரத்தில் ஸ்டாக்கைப் படிக்கும் நிரல், பக்கப் பிழையை உண்டாக்கிவிட்டால் பேனிக்குக்குள் பேனிக் வரும். எல்லையைச் சரிபார்த்த பின்னரே படியுங்கள். மற்றொரு சிபியுவில் அந்தக் கணமே ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கின் ஸ்டாக்கைப் படிக்கலாம், ஆனால் காலடியிலேயே மாறிக்கொண்டிருக்கும் அதை ஒருபோதும் நம்பகமானது என்று அறிவிக்கக் கூடாது.

ஏழாம் படி: இடைமறிப்பு என்னும் சிக்கலான இடம்

கர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்டரப்ட் வந்தால் என்ன ஆகும் என்பது, மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிடக் கடினமானது. ஒரு ஃபங்ஷன் அழைக்கப்பட்டு, தன் கண்ணியை அமைக்கும் முன்பே, அதாவது அதன் முதல் கட்டளையிலேயே இன்டரப்ட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் பாயின்டர் இன்னும் அழைத்தவருடையது. சங்கிலியை மட்டும் பின்பற்றினால், இடைமறிக்கப்பட்ட ஃபங்ஷனின் பெயர் ரெஜிஸ்டர் தொகுதியிலிருந்து கிடைத்துவிடும். ஆனால் அதை அழைத்தவரின் பெயர் விடுபட்டு, அழைத்தவரை அழைத்தவருக்குப் போய்விடுவோம். டிரேஸ் ஒழுங்காக முடியும், உச்சியில் கல்லும் இருக்கும், நடுவில் ஒருவர் காணாமற்போயிருப்பார்.

முதலில், அந்த இடத்தில் இடைமறிப்பு நடந்தது என்பதையாவது அன்வைண்டர் அறிய வேண்டும். ஃபிரேம் பாயின்டர் முறையில் கட்டப்படும் எக்ஸ்86-64 லினக்ஸ் இதற்கு ஓர் அழகான உத்தியைக் கையாள்கிறது: பிடி-ரெக்ஸ் தொகுதியின் முகவரியில் கடைசி பிட்டை 1 ஆக்கி அதை ஆர்பிபியில் வைக்கிறது. முறையான ஃபிரேம் முகவரி ஒருபோதும் ஒற்றைப்படை ஆகாது என்பதால், ஒற்றைப்படை எண்ணைக் கண்டதும் இது கண்ணி அன்று, ரெஜிஸ்டர் தொகுதி என்று தெரிந்துவிடும். 2024 இறுதியில் உருவான 6.13 பதிப்பின் ஆர்ம்64 நிரலோ, பூஜ்யங்களாலான கண்ணிக்குப் பக்கத்தில் வகையைச் சொல்லும் மூன்றாவது சொல் ஒன்றைச் சேர்த்தது. "இது இறுதி", "இது ரெஜிஸ்டர் தொகுதி" என்று அதுவே தெளிவாகச் சொல்லிவிடும். புதிதாக எழுதுபவர்களுக்கு நான் பின்னதையே பரிந்துரைப்பேன். ஒற்றைப்படை உத்தி சாமர்த்தியமானது, ஆனால் ஆறு மாதம் கழித்து அதைப் படிப்பவர் திணறுவார்.

இடைமறிப்பு தெரிந்த பிறகு நேர்மையான செயல் ஒன்றே. பேனிக் லாகுக்கு டிரேஸை அச்சிடுங்கள். நம்பகமான டிரேஸ் கேட்டவரிடம், இந்த ஸ்டாக்கில் கர்னல் நிலை ரெஜிஸ்டர்கள் கிடக்கின்றன, ஆகவே உறுதி கூற இயலாது என்று மறுத்துவிடுங்கள். ஃபிரேம் பாயின்டரோடு கட்டப்பட்ட எக்ஸ்86 லினக்ஸும் அப்படியே மறுக்கிறது. ஃபங்ஷன்களின் திரும்புமுகவரியை மாற்றிவைத்து வேவு பார்க்கும் கருவிகள் இருந்தால், அசல் முகவரியைத் தேடி எடுக்கும் வழியையும் அன்வைண்டரில் வைக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால் அப்போதும் மறுப்புதான்.

மறுக்காமல் விடை சொல்ல வேண்டுமானால் அட்டவணை வேண்டும். 2017இல் 4.14 பதிப்பில் எக்ஸ்86-64 லினக்ஸுக்கு வந்த ஓர்க் அன்வைண்டர் அந்த வகை. ஒவ்வொரு கட்டளை முகவரிக்கும் ஸ்டாக்கில் திரும்புமுகவரி எங்கே இருக்கிறது என்பதை, கம்பைல் முடிந்த நிரலை அலசும் ஆப்ஜ்டூல் என்ற கருவி முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக வைத்துவிடுகிறது. அதனால் ஃபங்ஷனின் முதல் கட்டளையில் இடைமறித்தாலும் விடை கிடைக்கும். அதற்கு முன் டீபக் தகவலுக்கான டுவார்ஃப் வடிவத்தை வைத்துக் கர்னலுக்குள் அன்வைண்டர் எழுதிய முயற்சியை லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியே எடுத்துவிட்டதோடு, அது திரும்பி வருவதையும் கடுமையாக எதிர்த்தார்; சிக்கலான டுவார்ஃப் நிரலில் பிழை இருந்தால், பிழையைக் காட்ட வேண்டிய இடத்திலேயே கர்னல் மறுபடி விழும் என்பது அவருடைய வாதம், நியாயமான வாதம். ஓர்க்கின் விலை இரண்டு முதல் நான்கு எம்பி நினைவகம். ஃபிரேம் பாயின்டரின் விலையோ, லினக்ஸ் ஆவணம் தரும் கணக்கின்படி எக்ஸ்86-64இன் வழக்கமான அமைப்பில் நிரல் அளவு ஏறத்தாழ 3.2% பெருகுவதும், ஒவ்வோர் அழைப்பிலும் சிறிது வேகம் குறைவதும்.

கவனிக்க வேண்டியது, அட்டவணை வந்தாலும் கல் தேவைப்படாமல் போவதில்லை. நுழைவு நிரலின் அசெம்பிளியில், "இங்கே ஸ்டாக் முடிகிறது" என்று மனிதர் கையால் எழுதும் குறிப்பு ஓர்க்கிலும் உண்டு. அதற்கு முதலில் "வெற்று" என்று பொருள்படும் பெயர் இருந்தது. 2023இல்தான் "ஸ்டாக்கின் முடிவு" என்று பெயர் மாற்றினார்கள். விவரம் தெரியாத இடத்துக்குத் தனி வகை வந்தது. முடிவும் அறியாமையும் வெவ்வேறு என்ற அதே பாடத்தை அவர்களும் ஆறாண்டு கழித்துப் பெயர்ப்பலகையில் எழுதவேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சிறிது ஆறுதல்.

எட்டாம் படி: சோதியுங்கள்

முழுக் கணினியையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டும் கியூஎமுவில் நான்கு சிபியுக்களோடு கர்னலை ஏற்றி, எல்லா டாஸ்க்குகளின் ஸ்டாக்கையும் நடந்து, விடையை மட்டும் எண்ணும் ஒரு கட்டளையை எழுதிக்கொள்ளுங்கள். பெயர்களை அச்சிட வேண்டாம். கண் பழகிய பெயர்களைக் கண்டால் மனம் சரி என்று சொல்லிவிடும். உறங்கும் ஒவ்வொரு டாஸ்க்கும் "முடிந்தது" என்று சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் சொல்லவில்லை என்றால், அது மூன்றாம் படியின் பட்டியலில் நீங்கள் விட்டுவிட்ட பிறப்பிடம். எங்களுக்கு இப்படித்தான் ஃபோர்க் செய்யப்பட்டு முதன்முறை ஓடக் காத்திருந்த டாஸ்க் அகப்பட்டது.

அடுத்து, நல்ல ஸ்டாக்குகளை வேண்டுமென்றே கெடுங்கள். ஒரு கர்னல் திரெட்டை உறங்கவைத்து, அதன் நடுக் கண்ணி ஒன்றில் முந்தைய முகவரியைப் பூஜ்யமாக்குங்கள். பின்னர் அதே கண்ணியின் முகவரியையே அதற்குள் எழுதுங்கள். பின்னர் 1 பைட் நகர்த்தி எழுதுங்கள். பின்னர் பக்கத்து டாஸ்க்கின் ஸ்டாக் முகவரியை எழுதுங்கள். நான்கு முறையும் விடை "முறிந்தது" என்றே வர வேண்டும். பூஜ்யத்துக்கு "முடிந்தது" என்று வந்தால் நீங்கள் இடத்தைச் சரிபார்க்க மறந்துவிட்டீர்கள். எங்கள் கர்னல் முதல் ஓட்டத்தில் அந்தச் சோதனையில்தான் தோற்றது.

கடைசியாக, ஃபிரேம் பாயின்டர் ரெஜிஸ்டரில் கர்னல் ஸ்டாக்கின் முகவரியை ஏற்றிக்கொண்டு சிஸ்டம் கால் செய்யும் ஒரு சிறு பயனர் நிரலை எழுதி, அதை நாள்தோறும் ஓடும் சோதனைத் தொகுப்பில் சேருங்கள். வாசலில் ரெஜிஸ்டரைத் துடைக்கும் அந்த ஒரு வரியை, வேகத்துக்காக என்று சொல்லி யாரேனும் ஒரு நாள் எடுத்துவிடுவார்கள், அப்போது இந்த நிரல்தான் முதலில் குரல் கொடுக்கும். கரூர்ப் பொறியாளர் எழுதிய அந்த நிரல் எங்கள் பலகைகளில் இப்போது ஒவ்வோர் இரவும் ஓடுகிறது. காலையில் வந்து திறக்கும் லாகில் ஒவ்வொரு டிரேஸின் கீழும் "முடிந்தது" என்றோ, "முறிந்தது" என்ற சொல்லோடு எந்தச் சோதனையில், எந்த முகவரியில் என்றோ ஒரு வரி இருக்கிறது.